அவள் நிற்கும் இடம்

பொன்னியின் செல்வனின் கடைசி அத்தியாயத்தை என் அத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டியதே இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் வந்த தொடரைத் தாத்தா வாரா வாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டு ஐந்து பைண்டுகளாக வைத்திருந்தார். அத்தை கல்யாணமாகிக் காட்டுமன்னார்கோயில் பக்கம் போனபோது சீரோடு சீராக அவையும் வண்டியேறின. கோடை விடுமுறைக்கு நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் அங்கே போவோம். ராத்திரி மொட்டை மாடியில் ஒரு குண்டான் மோர்சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு, சுற்றி நீளும் கைகளில் உருண்டை உருண்டையாக வைத்தபடி கதை சொல்வார். பகலில் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைக்கிற நேரத்தில் மடியில் பைண்டை விரித்து நாலு பக்கம் வாசிப்பார். ஐந்தாம் பைண்டின் கடைசித் தாள்கள் சிலவற்றைக் கறுப்பு நூலால் ஓரமாகத் தைத்து மூடியிருந்தார். ரவிக்கைக்குக் கொக்கி தைப்பதுபோல நெருக்கமான தையல். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், "அதுல ஒண்ணுமில்ல கண்ணு, கதை முன்னமே முடிஞ்சிடுச்சி" என்பார்.

பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் நூலகப் பிரதியில் அந்தப் பக்கங்களைப் படித்தேன். 'மலர் உதிர்ந்தது' என்று தலைப்பு. சித்தம் கலங்கிப்போன மணிமேகலை வந்தியத்தேவனின் மடியில் உயிரை விடுகிறாள். ஐந்து பாகம், எத்தனையோ கடல், எத்தனையோ கப்பல், பட்டாபிஷேகம் எல்லாம் கடந்து அவ்வளவு பெரிய கதை கடைசியில் வந்து நிற்பது இந்தப் பெண்ணின் சாவில். நாயகியான குந்தவையிடம் முடியவில்லை. கதையின் பெயருக்குரிய அருள்மொழியிடமும் முடியவில்லை. இதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். கல்கி அவளை ஓரத்தில்தான் வைத்திருந்தார். முடிக்கிற இடம் வந்தபோது அவள்தான் அவர் கையைப் பிடித்திருக்கிறாள்.

கதையில் மணிமேகலைக்கு என்ன இருந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். கடம்பூர் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை. போருக்குப் போன அண்ணன் ஊர் திரும்பும்போதெல்லாம் தன் நண்பன் வந்தியத்தேவனைப் புகழ்ந்து பேசுகிறான். கேட்டுக் கேட்டே அவள் மனத்தில் அவன் குடியேறிவிடுகிறான். பிறகு அதே அண்ணன், அவனை மறந்துவிடு, மதுராந்தகனுக்கு உன்னைக் கொடுக்கப் போகிறோம் என்கிறான். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சும் மாறி, ஆதித்த கரிகாலனுக்கு என்றாகிறது. மூன்று ஆண்களின் பெயர்கள் அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே போய் வருகின்றன. எந்தத் தடவையும் அவளைக் கேட்டவர் இல்லை. அவளுக்கென்று நடந்தது ஒரு கண்ணாடி மட்டும். வேட்டை மண்டபத்தில், பாடம் பண்ணிய மிருகங்களுக்கு நடுவே ஒளிந்திருந்தவனின் முகம் அவள் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியில் தெரிகிறது. நினைத்து நினைத்து வந்த பிரமை என்று எண்ணுகிறாள். திரும்பிப் பார்த்தால் நிஜம். வெறும் சொல்லாக இருந்த ஆள் உருவமாக எதிரில் வந்து நின்ற அந்த ஒரு கணம் போதும், தனியாக ஒரு நாவல் எழுத. பின்னால் கொலைப்பழி அவன்மேல் விழுந்தபோது, கரிகாலனைக் கொன்றது நான்தான் என்று பெரியவர்கள் முன்னால் சொல்லத் துணிகிறாள். அவ்வளவு துணிந்தவளுக்குக் கதை கொடுத்தது பைத்தியமும் சாவும்.

அத்தைக்கு இதில் ஊர்ப்பாசமும் உண்டு. அவர் வாழ்க்கைப்பட்ட வீட்டிலிருந்து வீராணம் ஏரிக்கரை ஒரு நடை. கதை தொடங்குகிற அதே ஏரி. ஆடிப் பதினெட்டாம் நாள் வந்தியத்தேவன் குதிரை மேல் வருகிற கரை. கடம்பூரும் அந்தப் பக்கத்து ஊர்தான். கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமாவிடம், சம்புவரையர் மாளிகை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டாராம். மேலக்கடம்பூரில் தேர்போலக் கட்டிய அழகான கற்கோயில் இருக்கிறது. மாளிகை கல்கியின் கற்பனையில் எழும்பி கற்பனையிலேயே எரிந்துபோனது. அத்தை அதை ஒப்புக்கொள்ளவில்லை. "மணிமேகலை நம்மூருப் பொண்ணு" என்றுதான் கடைசிவரை பேச்சு. எங்களுக்கு அவர் சொன்ன கதையில் அவள் சாகவில்லை. மாளிகை எரிந்த பிறகு ஏரிக்கரையில் ஒரு வீடு கட்டிக்கொண்டு இருந்தாள். 74 கணவாய்களில் எதை எப்போது திறக்க வேண்டும், எந்த ஊர் வாய்க்காலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆடி வெள்ளம் வந்தால் ஆள்கள் அவளைத் தேடி வருவார்கள். ஒவ்வொரு கோடையிலும் அவளுக்குப் புதிதாக ஏதாவது நடக்கும். ஒரு வருஷம் கரையில் உடைப்பெடுத்தது. ஒரு வருஷம் முதலை வந்தது. கல்யாணம் மட்டும் அத்தை பண்ணிவைக்கவில்லை. நாங்கள் நச்சரித்தால், "பாப்போம், அடுத்த லீவுக்கு" என்று தள்ளிப்போடுவார்.

2022இலும் 2023இலும் படம் இரண்டு பாகமாக வந்தது. எண்பதைத் தாண்டிய அத்தைக்கு வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினோம். கடம்பூர் விருந்து வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாம் பாகம் முடிந்து பெயர்கள் ஓடும்வரை எழுந்திருக்கவில்லை. "ஏண்டி, அந்தப் பொண்ணு வரவே இல்லியே?" என்றார். படத்தில் மணிமேகலை இல்லை. இத்தனை பெரிய கதையை இரண்டு படத்துக்குள் அடக்குகிறவர்கள் யாரையாவது விட்டாக வேண்டும். அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் எந்தக் கதையிலும் முதலில் விடத் தோன்றுவது இப்படிப்பட்ட பெண்ணைத்தான். அவளை எடுத்துவிட்டாலும் மற்றவர்களின் காரியம் எதுவும் தடைப்படாது. துணைப்பாத்திரம் என்றால் அதுதான் பொருள். அன்று ராத்திரி அத்தை சொன்னார்: "நீதான் எழுதுறவளாச்சே. அவளுக்கு ஒரு கதை எழுதேன்."

அந்த ஒரு வார்த்தையில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

ஓரத்தில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைக்கிற வேலை தமிழுக்குப் புதிதில்லை. அவளுடைய பெயரே அதற்குச் சாட்சி. சிலப்பதிகாரத்தில் மணிமேகலை ஒரு குழந்தை. கோவலனின் முன்னோரைக் கடலில் காப்பாற்றிய தெய்வத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள் என்று மாடலன் வாய்வழியாகத் தெரிகிறது. பிறகு, தாய் மாதவி அவளைத் துறவுக்குக் கொடுத்தாள் என்ற செய்தி வருகிறது. அவ்வளவுதான் அவளுக்கு அங்கே இடம். சாத்தனார் அந்தக் குழந்தையை எடுத்து வளர்த்து 30 காதைகள் கொடுத்தார். உ.வே.சா. சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் அச்சுக்குக் கொண்டுவந்தார். தாயின் கதைக்கும் மகளின் கதைக்கும் இடையே ஆறு வருஷம். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிற எவருக்கும், துணைப்பாத்திரம் எப்படிக் காப்பியத் தலைவி ஆகிறாள் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம்.

சாத்தனார் அவளுக்கு முதலில் கொடுத்தது ஒரு பாத்திரம். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. அதில் ஆதிரை முதல் பிச்சை இடுகிறாள். ஆனைத்தீ என்னும் தீராப் பசியில் கிடந்த காயசண்டிகையின் வயிறு அதில் ஆறுகிறது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுகிறது. இந்தப் பெண் கையில் ஏந்தியிருப்பது எல்லாருக்கும் ஆகிற பொருள். அவளைத் துரத்தி வருகிற உதயகுமரனும் அவள் எதிரில் நிற்கிறான். காதலே இல்லாத துறவுக்கதை என்று மணிமேகலையைத் தள்ளிவிடுகிறவர்கள், உதயகுமரன் வெட்டுண்டு கிடக்கும் இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். காயசண்டிகை வடிவில் இருந்தவளைத் தன் மனைவி என்றே நினைத்த காஞ்சனன், அவளை நெருங்கிய இளவரசனை வாளால் வெட்டிவிடுகிறான். போன பிறவியில் கணவனாக இருந்தவனின் உடல் அருகே அவள் அழுது அரற்றிக்கொண்டு போகிறாள். கந்திற்பாவை குரல் கொடுத்துத் தடுக்க வேண்டியிருக்கிறது. துறவை எழுத வந்த கவிஞர் அந்த அழுகைக்கு இடம் ஒதுக்கினார். ஆசையை அவர் ஒளிக்கவில்லை. அது இருக்கட்டும், இவள் கையில் பாத்திரமும் இருக்கட்டும் என்று இரண்டையும் வைத்தார். கல்கி தன் கடம்பூர்ப் பெண்ணுக்கு இந்தப் பெயரை வைத்தபோது பாத்திரத்தை விட்டுவிட்டு அழுகையை மட்டும் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றும். கல்கியை நான் நேசிக்கிறேன். அந்த நேசத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

சரித்திரக் காதல்கதைகளை இலேசாக நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. பத்து நூற்றாண்டுக்கு முந்தைய ஒருத்திக்கும் நெஞ்சு படபடத்திருக்கும் என்று நம்புவதற்கு அந்தக் கதைகள்தான் என்னைப் பழக்கின. கல்வெட்டுகளைத் தேடிப் போகவைத்தவையும் அவைதான். வந்தியத்தேவன் என்ற ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜனின் அக்கா குந்தவை தான் கொடுத்த செப்புத் திருமேனிகளையும் நகைகளையும் கல்லில் வெட்டிவைத்தார். தன் தகப்பனுக்கும் தாய்க்கும் கூடப் படிமம் எடுத்துவைத்த மகள் அவர். அந்தக் கல்வெட்டில் அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்று குறிக்கப்படுகிறார். கொடை அவருடையது, பொன் அவருடையது, விவரம் முழுதும் அவருடையது. வந்தியத்தேவர் அங்கே ஒரு பெண்ணின் கணவராக மட்டும் வந்துபோகிறார். கல்லில் துணைப்பாத்திரம் அவர்தான்! அந்த ஒரு சொற்றொடரிலிருந்து குதிரையும் குறும்பும் வாளும் வாய்ப்பேச்சும் உள்ள ஒரு வாலிபனைக் கல்கி எழுப்பிவிட்டார். ஆணுக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது. அதே கோயிலின் சுவரில் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு ஆளுக்கு ஒரு வரி இருக்கிறது.

இராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 1014. நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தியதைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எல்லாம் வரிசையாக இருக்கும். திருவாரூர், பழையாறை, பாச்சில், நாகப்பட்டினம் என்று ஊர்கள். சேரமங்கை, தில்லையழகி, எடுத்தபாதம் என்று பெயர்கள். எடுத்தபாதம்! தில்லையில் தூக்கிய திருவடியைப் பெண் குழந்தைக்குப் பெயராக வைத்த தாயை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவளுக்கு மிக நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். அவர்களுக்குத் தகுதியில்லை என்றால் தகுதியுள்ள வேறொருவரை அவர்களே தேர்ந்து நிறுத்தலாம் என்றும் ஏற்பாடு இருந்தது.

அந்த 100 கலத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கலத்துக்கு 12 மரக்கால், மரக்காலுக்கு 8 நாழி. ஆண்டுக்கு 9,600 நாழி, நாளுக்கு 26 நாழி நெல்லுக்குக் கொஞ்சம் மேலே. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்று அக்காலக் கல்வெட்டுகள் கணக்கிடும் முறையில் நாளுக்குப் பத்து நாழி அரிசிக்குக் குறையாது. ஒருத்தி ஒரு நாளில் உண்ணுகிற அளவா அது? அந்த வீட்டில் அம்மா இருந்திருக்க வேண்டும், தம்பி இருந்திருக்க வேண்டும், அத்தை மகள் ஒருத்தி வந்து தங்கியிருக்க வேண்டும். எடுத்தபாதத்தின் நெல்லில்தான் அந்த அடுப்பு எரிந்தது. சரித்திர நாவல்களில் ஆடல்மகளிர் வருகிற பக்கங்கள் நமக்கு மனப்பாடம். இடை வருணனை, கண் வருணனை, ஒற்றன் ஒருவனுக்கு ரகசியம் சொல்வது, அவனுக்காக அம்பை மார்பில் வாங்குவது. குதிரில் எவ்வளவு நெல் மிச்சம் என்று அவள் குனிந்து பார்க்கிற காட்சியை நான் எங்கும் படித்ததில்லை. சோழர் காலத்துக் கோயிற் பெண்கள் கொடை கொடுத்தவர்களாகவும் சொத்துள்ளவர்களாகவும் இருந்ததைக் கல்வெட்டுகளை ஊர் ஊராக எண்ணி லெஸ்லி ஓர் எழுதிய ஆய்வு 2000இல் நூலாக வந்தது. வரலாறு அவளைப் பெற்றுக்கொண்டவளாகவும் கொடுத்தவளாகவும் காட்டுகிறது. கதை அவளை யாரோ யாருக்கோ கொடுக்கிற பொருளாகக் காட்டுகிறது. மணிமேகலையின் அண்ணன் செய்தது இதுதான்.

நானும் அதைத்தான் செய்தேன். அத்தை கேட்ட பிறகு எழுதிய முதல் வரைவில் மணிமேகலையைப் பிழைக்கவைத்து, ஈழத்துப் போரிலிருந்து காயத்தோடு திரும்பும் ஒரு வீரனை அவள் வாசலில் கொண்டுவந்து கிடத்தினேன். அவள் மூலிகை அரைத்துக் கட்டினாள். அவன் கண் விழித்து அவளைப் பார்த்தான். 60 பக்கம் போனது. ஒருநாள் உட்கார்ந்து படித்தபோது, அவள் எந்தப் பக்கத்திலும் எதையும் தானாகத் தொடங்கவில்லை என்று தெரிந்தது. வந்தியத்தேவன் இருந்த இடத்தில் இன்னொருவனை வைத்திருந்தேன், அவ்வளவுதான். கல்கி அவளுக்குச் செய்த கொடுமைக்குப் பரிகாரமாக நான் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தேன். நானும் அவளைக் கேட்கவில்லை. அந்த 60 பக்கத்தையும் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' பொன்னியின் செல்வன் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்கிறது. பாலகுமாரன் 'உடையா'ரில் பஞ்சவன்மாதேவிக்குக் கொடுத்த இடம் அதற்கு முன் எந்தத் தமிழ்நாவலும் கொடுக்காதது. இராஜராஜனின் மனைவியரில் ஒருத்தியான அவளுக்கு இராஜேந்திரன் பள்ளிப்படைக் கோயில் எடுத்திருக்கிறான். பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் இராமநாதன் கோயில் என்கிற பெயரில் இன்றும் நிற்கிறது. பெற்ற தாயல்லாத ஒருத்திக்கு மகன் முறையில் ஒருவன் எடுத்த கோயில். போய்ப் பார்த்தால், அவள் அவனிடம் எப்படி இருந்திருப்பாள் என்ற கேள்வி தானாக எழும். பாலகுமாரன் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்து எழுதினார். அந்தப் பாதையில் நடக்கிற எல்லாருக்கும் அவர் முன்னோடி.

எனக்கு வழி காட்டியது ஒரு விளக்கு. திருவாரூரில் இராஜேந்திர சோழனின் 20ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அவனுடைய அணுக்கி பரவை நங்கையார். மன்னனுக்கு நெருங்கியவள் என்பதற்கு அந்தச் சொல்லைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை. செங்கல்லால் இருந்த வீதிவிடங்கர் சன்னிதி அவள் விருப்பத்தின்படி கற்றளி ஆகிறது. ஆயிரக்கணக்கான கழஞ்சுப் பொன்னும் நகைகளும் அவள் பெயரில் சேர்கின்றன. இத்தனை பொன்னையும் பட்டியலிட்ட அதே கல்வெட்டில், மன்னனும் பரவை நங்கையும் நின்று கும்பிட்ட இடம் தெரியும்படி ஒரு குத்துவிளக்கு வைத்ததும் சொல்லப்படுகிறது.

திருவாரூருக்குப் பரவை என்ற பெயர் பழக்கமானது. சுந்தரரின் பரவையும் அந்த ஊர்தான். சங்கிலியை மணந்துவிட்டுத் திரும்பி வந்தவனுக்குக் கதவைத் திறக்க மறுத்தவள், சிவனையே இரண்டு தடவை தூது நடக்கவைத்தவள். அந்தப் பெயரைத் தாங்கிய இன்னொருத்தி, சில நூற்றாண்டுக்குப் பிறகு, அதே கோயிலில், கங்கைகொண்டவன் பக்கத்தில் நிற்கிறாள். பட்டத்தரசிகளின் பெயர்கள் வேறு. இவள் அரசி என்று அந்தக் கல் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தரை அவர்கள் இருவருடையது என்று வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பிராகாரத்தில் சாயரட்சை வேளையில் நின்றிருக்கிறேன். எந்த இடமாக இருக்கும் என்று கண்டுபிடிக்க வழியில்லை. விளக்குக்கு எண்ணெய் விட வந்த அம்மாள் ஒருவர், தேடுகிற முகத்தைப் பார்த்து, "என்னம்மா, எதையாவது கீழ போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி மனத்தில் நின்றுவிட்டது. ஊருக்குத் திரும்பும் பேருந்தில், என் மணிமேகலைக்குத் தேவை ஆள் இல்லை, நிற்கிறதுக்கு ஓர் இடம் என்று முதன்முதலாகத் தோன்றியது. அவள் எங்கே நிற்கிறாள், அவள் காலுக்குக் கீழே இருக்கிற மண் யாருடையது என்று தெரிந்தால், அங்கே வருகிறவன் யார் என்பதை அவளே சொல்லிவிடுவாள்.

மண்ணைப் பற்றி நினைத்ததும் உடையார்குடி வந்தது. அத்தை ஊர்ச் சந்தைக்குப் போகிற வழியில், காட்டுமன்னார்கோயிலிலேயே இருக்கிற அனந்தீஸ்வரம். இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டிய புகழ்பெற்ற கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைச் சொல்லி, அவர்களும் உறவினரும் வைத்திருந்த நிலங்கள் கைமாறியதை எழுதிய கல். கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ள எத்தனையோ பேர் அதைத் துருவிப் படித்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களின் நெரிசலில் பெரியநங்கைச் சாணி என்று ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. ஆண்கள் செய்ததாகச் சொன்ன காரியத்துக்கு அவளுடைய நிலமும் போனது. எந்த வாய்க்கால் பாய்ந்த நிலம், அதில் என்ன விளைந்தது, அன்று காலை அவள் எங்கே இருந்தாள்? கல்கி படைத்த கடம்பூர்ப் பெண்ணும், கல்லில் வந்த இந்தப் பெண்ணும் ஒரே கொலையால், ஒரே வட்டாரத்தில், எல்லாவற்றையும் இழந்தவர்கள். என் கதையில் இருவரும் அண்டை வீட்டுக்காரர்களாகிவிட்டார்கள். காதல்கதைக்குத் தோழி வேண்டும் என்பது பழைய மரபு. என் தலைவியின் தோழி மூத்தவள், மண்ணை இழந்தவள், எந்த ஆணின் வாக்கையும் சட்டென்று நம்பாதவள்.

பிறகு ஒரு கணக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. கரிகாலன் இறந்தது 970ஐ ஒட்டி என்று வைத்துக்கொண்டால், அப்போது மணிமேகலைக்குப் பதினெட்டு இருக்கும். இராஜராஜன் நாடு முழுவதையும் அளக்கச் சொன்னது 1001ஆம் ஆண்டு வாக்கில். வேலியைக் காணியாக்கி, காணியை முந்திரியாக்கி, முந்திரியைக் கீழ்முந்திரியாக நுணுக்கி எழுதிய அளவை. அதை நடத்தியவர்களுக்கு உலகளந்தான் என்றே பட்டம் கிடைத்தது. அளவுகோலோடு கடம்பூருக்கும் ஒரு கூட்டம் வந்திருக்கும். அவர்கள் வரும்போது மணிமேகலைக்கு ஐம்பது வயது. ஏரிக்கரை வீட்டில் இருக்கிறாள். 74 கணவாய்களும் அவளுக்குத் தெரியும். கோல் பிடிக்க வந்தவர்களில் ஒருவன், மனைவியை இழந்தவன், கீழ்முந்திரிவரை பிசகாமல் எழுதுகிறவன், ஏரியின் எல்லை எது என்று ஊராரைக் கேட்கிறான். அவளைக் கேள் என்று ஊரார் கைகாட்டுகிறார்கள். 'உங்கள் கணக்கில் கரை எங்கே முடிகிறது?' என்று அவன் கேட்கிறான். அவளைப் பார்த்து ஓர் ஆண் கேட்ட முதல் கேள்வி அது. ஐம்பது வயதுப் பெண்ணின் காதலைச் சரித்திர நாவலில் நான் எங்கே படித்தேன்? அவளுடைய வயதே நாவலின் புதுத்தரை என்று பட்டது. கண்ணாடியில் முகம் பார்த்துத் திடுக்கிட்டவளுக்கு இப்போது யாரைப் பார்த்தாலும் பிரமை இல்லை. எதிரில் நிற்கிறவன் நிஜமா என்று சோதிக்க அவளிடம் முப்பது ஆண்டு இருக்கிறது.

போன மாசம் முதல் அத்தியாயத்தை அத்தையிடம் கொண்டுபோய் வாசித்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. காது நன்றாகக் கேட்கிறது. கட்டிலில் சாய்ந்து, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஏரி ததும்பி நிற்கிறது, அலை கரையில் மோதுகிறது, அளக்க வந்தவன் கோலை ஊன்றிக்கொண்டு நிற்கிறான் என்று எழுதியிருந்தேன். வயதைக் கேட்டதும் புருவம் உயர்ந்தது. "அம்பதா?" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பெரியநங்கைச் சாணி வரும் இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முடித்ததும் கேட்டார்:

"அளக்க வந்தவன் எந்த மாசம் வரான்?"

"கார்த்திகைன்னு எழுதிருக்கேன் அத்தே."

"நடவு நட்டு பயிரு நிக்கிறப்ப எவன்டி வயல்ல எறங்கி கோலு போடுவான்? அறுப்பு முடிஞ்சி, வயலு காஞ்சி கெடக்கிறப்பதான் அளப்பாங்க. பங்குனி சித்திரையில வருவான்."

"அப்ப ஏரி?"

"ஏரியில தண்ணி ஏது? வெடிச்சிப் போயிக் கெடக்கும். நான் வந்த புதுசுல நடுவுல எறங்கியே அந்தாண்ட கரைக்கு நடந்து போயிருக்கேன். கால்ல மண்ணு சுடும்."

அலை வருகிற நாலு பக்கத்தையும் அவர் எதிரிலேயே அடித்தேன். புதிய பக்கத்தில் இருவரும் வறண்ட ஏரிக்குள் இறங்குகிறார்கள். தண்ணீர் எதுவரை நிற்கும் என்று காட்டுவதற்காக அவள் முன்னால் நடக்கிறாள். அவன் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கால் பட்ட இடமெல்லாம் பார்த்து வருகிறான்.